தட்டிய கணமே ஒலிக்க வேண்டும்: ஒரு மாணவர் இசைத்தூண் புராஜெக்ட்டின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

திருநெல்வேலிக்கு அருகில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறை ஆசிரியராகப் பணிபுரிகிறேன். இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் எட்டாம் பருவத்தில் என் வழிகாட்டுதலில் செய்த புராஜெக்ட் பற்றிய பதிவு இது. நால்வரில் மூவர் என் துறை, ஒருவர் மின்னணுத் துறை. யாருடைய பெயரையும் எழுதவில்லை. தொடக்கத்தில் போட்ட திட்டம் எங்கே தவறியது, அதை எப்படிக் கண்டுகொண்டோம், பிறகு எதை வைத்துக்கொண்டு எதை விட்டோம் என்பதை இதுபோன்ற வேலையில் இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

யோசனை பிறந்த இடம் நெல்லையப்பர் கோயிலின் மணிமண்டபம். அங்கே ஒரே கல்லில் நடுவே ஒரு பெருந்தூணும் அதைச் சூழ்ந்து 48 சிறு தூண்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. தட்டினால் ஸ்வரம் எழும். பாண்டிய மன்னன் நின்றசீர் நெடுமாறன் காலத்து மண்டபம் என்பது மரபு. டிசம்பரில் குழுத்தலைவி தன் குடும்பத்தோடு அங்கே போயிருந்தாள். அவளுடைய சித்தி மகன், எட்டு வயதுச் சிறுவன், ஒரு தூணை நோக்கிக் கையை நீட்டியிருக்கிறான். சித்தி அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அவர் செய்தது சரிதான். ஆயிரமாயிரம் கைகளும் நாணயங்களும் சாவிகளும் தட்டினால் எந்தக் கல்லும் தேயும். ஆனால் வீடு வந்து சேரும்வரை பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தானாம்.

“தட்டுவதற்கென்றே ஒரு தூண் செய்யலாமா, ஸார்?” என்று அவள் கேட்டாள். கோயில் தூண்களைத் தொடாமலே, அவற்றின் ஒலியைப் பிள்ளைகள் ஆசை தீரத் தட்டிப் பார்க்கக்கூடிய ஓர் அமைப்பு. பாளையங்கோட்டையில் அவள் படித்த பள்ளியின் தலைமையாசிரியை, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் கண்காட்சியில் ஒரு தாழ்வாரத்தைத் தருவதாக ஒப்புக்கொண்டார். 1928இல் அதே நாளில்தான் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. அந்த ராமன் மிருதங்கத்தின் ஒலியையும் ஆராய்ந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல சந்தர்ப்பம் என்று நானும் மகிழ்ந்தேன்.

## முதல் திட்டம்

ஜனவரி முதல் வாரத்தில் மாணவர்கள் கொண்டுவந்த திட்டம் இருபத்திரண்டு பக்கம். 48 தூண்கள். ஒவ்வொன்றிலும் வைஃபை வசதியுள்ள ஒரு சிறு சர்க்யூட் பலகை. தட்டல் இணையம் வழியே ஒரு சர்வருக்குப் போகும், அங்கிருந்து மடிக்கணினியின் பிரவுசருக்கு வரும், பிரவுசர் ஒலியை புளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்பும். 72 மேளகர்த்தாக்களில், அதாவது தாய் ராகங்களில், எதையும் தேர்ந்துகொள்ள ஒரு மொபைல் செயலி. பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுத் தானே மெட்டமைக்கும் செயற்கை நுண்ணறிவு. சுவரில் வண்ண ஒளிக்காட்சி. பயனர் பதிவு, கடவுச்சொல், புள்ளிவிவரப் பலகை.

கால அட்டவணையும் இருந்தது. முதல் இரண்டு வாரம் தேவைகளின் ஆவணமும் வரைபடங்களும், மூன்று முதல் ஐந்து செயலியும் சர்வரும், ஆறில் சென்சார், ஏழில் எல்லாவற்றையும் இணைத்தல், எட்டில் பள்ளியில் நிறுவுதல்.

நான் கையெழுத்துப் போட்டேன். அது என் பிழை. பக்கங்கள் ஒழுங்காக இருந்தன, வரைபடங்கள் சரியாக இருந்தன. மதிப்பாய்வுக் குழுவில் “புதுமை” என்ற தலைப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு என்பது மாணவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முந்தைய பருவத்தில் அவர்கள் ஆய்வகத்தில் கற்றது, சென்சாரை வைஃபை வழியாகச் சர்வரோடு இணைப்பது. கற்ற வழியிலேயே புதிய வேலையையும் வரைந்துவிட்டார்கள். வயல் மண்ணின் ஈரப்பதத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்கு அனுப்ப அந்த வழி போதும். கை படும் கருவிக்கு அது பொருந்துமா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இருபத்திரண்டு பக்கத்தில் இல்லாதவை மூன்று. தட்டிய பிறகு எவ்வளவு நேரத்தில் ஒலி வர வேண்டும்? ஒரே சமயத்தில் எத்தனை பேர் தட்டுவார்கள்? எந்த வயதுக் கை, எதைக்கொண்டு தட்டும்? அட்டவணைப்படி, செய்து முடித்ததன் ஒலியைக் குழு முதன்முதலாகக் கேட்கப்போவது ஏழாம் வாரத்தில்.

## பொங்கல் விடுமுறை

தவறு வெளிப்பட்டது தற்செயலாக. மின்னணுத் துறை மாணவர் ஆர்வ மிகுதியில், அட்டவணைக்கு முன்பாகவே ஒரே ஒரு தூணைச் செய்துவிட்டார். பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த பனங்கை, கூரை தாங்கிய பனைமரச் சட்டம், அது. நான்கடி நீளம், வைரம் பாய்ந்த மரம். அதன் மேற்பகுதியில் 27 மில்லிமீட்டர் பீசோ வில்லை ஒன்றை ஒட்டியிருந்தார். அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் பீங்கான் படலம் ஒட்டிய மெல்லிய பித்தளைத் தகடு அது, விலை சில ரூபாய்தான். குழுத்தலைவி அந்தத் தூணையும் ஸ்பீக்கரையும் பொங்கலுக்குச் சேரன்மகாதேவி பக்கத்தில் உள்ள தன் ஊருக்கு எடுத்துப் போனாள், தாத்தாவுக்குக் காட்ட.

தாத்தா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். கொடை விழாக்களில் விடிய விடிய வாசித்த கை. வில்லுப்பாட்டில் வில்லின் நாணை வீசுகோலால் தட்டிப் புலவர் பாடுவார். வில்லைத் தாங்கியிருக்கும் மண்குடத்தின் வாயில் மட்டையால் அடித்துத் தாளத்தைக் கட்டிக்காப்பவர் குடக்காரர். அவர் தவறினால் குழு முழுவதும் தவறும்.

விடுமுறை முடிந்து வந்ததும் அவள் எடுத்த வீடியோவைக் காட்டினாள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து தூணை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொள்கிறார். முதலில் விரல் நுனியால் ஒரு தட்டு. ஸ்பீக்கரிலிருந்து ஒலி வருகிறது. சிரிக்கிறார். பிறகு உள்ளங்கையால் சீரான ஒரு நடையைத் தொடங்குகிறார். மூன்று தட்டு சரியாகப் போகிறது. நான்காவதில் கை தயங்குகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி வரட்டும் என்று கை காத்திருக்கிறது, அதனால் அடுத்த தட்டு தள்ளிப்போகிறது, நடை தளர்ந்துகொண்டே வருகிறது. எட்டாவது தட்டில் கையை எடுத்துவிட்டார்.

“குடம் என் கைக்குள்ளே பேசும், தாயி. இது அடுத்த தெருவிலிருந்து பேசுகிறது” என்றார்.

அந்த வீடியோவை நால்வரும் நானும் ஐந்தாறு முறை பார்த்தோம். ஐம்பது ஆண்டு தாளம் தவறாத கை, எங்கள் கருவியிடம் எட்டே தட்டில் தோற்றது. குறை அவர் கையில் இல்லை. காது கேட்பது கையின் அசைவுக்குப் பின்தங்கினால் எவருக்கும் நடை குலையும். தேர்ந்த கைக்கு அது உடனே தெரிகிறது. பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமலே சலித்துப்போகும். பிள்ளை இரண்டு முறை தட்டிவிட்டு விலகிப் போனால் அந்தத் தூண் எதற்கு?

## தாமதத்தை அளந்தது

மறுநாளே அளந்தோம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. தூணுக்கும் ஸ்பீக்கருக்கும் அருகே ஒரு மொபைலை வைத்துப் பதிவு செய்தால், கை மரத்தில் படும் “டொக்” ஒலியும் ஸ்பீக்கரில் எழும் ஸ்வரமும் ஒரே பதிவில் விழும். அதை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் இரண்டும் தனித்தனி முகடுகளாகத் தெரியும். இடைவெளியை மவுசால் இழுத்துப் பார்த்தால் தாமதம் மில்லிவிநாடியில் கிடைக்கும். ஒவ்வொரு அமைப்புக்கும் இருபது தட்டல்.

முதல் அமைப்பில் தாமதம் 340 முதல் 520 மில்லிவிநாடி வரை இருந்தது. அந்த வீச்சுதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. தாமதம் ஒரே அளவில் இருந்தாலாவது கை ஓரளவு பழகிக்கொள்ளும். தட்டுக்குத் தட்டு மாறும் தாமதத்துக்குப் பழகவே முடியாது.

பிறகு வழியில் உள்ள ஒவ்வொரு கண்ணியையும் கழற்றி அளந்தோம். புளூடூத்துக்குப் பதில் கம்பி போட்டதும் ஏறத்தாழ 180 குறைந்தது. இணையச் சர்வரை விட்டு மடிக்கணினியிலேயே சர்வரை ஓட்டியதும் மீதம் 90 முதல் 150. வைஃபையை விட்டு யூஎஸ்பி கம்பிக்கு மாறியபோது 60, வீச்சும் சுருங்கியது. பிரவுசரை விட்டு, ஒலி வேலைக்கென்றே மில்லர் பக்கெட் உருவாக்கிய பியூர் டேட்டா என்ற இலவச மென்பொருளுக்கு மாறியதும் 35. கடைசியாக ஒலி அட்டையின் இடையகம். கணினி ஒலியைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டித்தான் வெளியே அனுப்பும். விநாடிக்கு 44,100 மாதிரி (ஒலியலையிலிருந்து எடுக்கும் அளவு) என்ற வேகத்தில், 1024 மாதிரி கொண்ட பொட்டலம் நிரம்பவே 23 மில்லிவிநாடி ஆகும். 256 ஆகக் குறைத்தால் 6 போதும். குறைத்தோம். 14 மில்லிவிநாடியில் வந்து நின்றது.

எங்கள் வரம்பை 20 என்று வைத்தோம். ஒலி காற்றில் 10 மில்லிவிநாடியில் சுமார் 3.4 மீட்டர்தான் போகும் என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. ஸ்பீக்கரைத் தாழ்வாரத்தின் கோடியில் வைத்தால், மென்பொருளில் சேமித்ததை அந்தத் தூரம் செலவழித்துவிடும்.

## எதை விட்டோம், எதை வைத்துக்கொண்டோம்

அந்த வார இறுதியில் திட்டத்தை மறுபடி எழுதினோம். ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரே கேள்வி: இது இல்லாவிட்டால் தட்டும் பிள்ளைக்கு என்ன குறையும்? செயலி, சர்வர், பயனர் பதிவு, தானாக மெட்டமைத்தல், ஒளிக்காட்சி ஆகிய ஐந்துக்கும் விடை “ஒன்றும் குறையாது”.

எளிதாகச் சொல்லிவிட்டேன், அறையில் அது எளிதாக இல்லை. செயலியைச் செய்த மாணவர் இரண்டு வாரம் இரவு கண் விழித்திருந்தார். கடவுச்சொல் திரை வரை முடித்துவிட்டார். “பியூர் டேட்டாவில் பெட்டிகளை வரைந்து கோடு இழுக்கிறோம், ஸார். நிரல் எங்கே என்று மதிப்பாய்வில் கேட்டால் என்ன காட்டுவது?” என்றார். அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. அவர் உழைப்பு வீணாகாதபடி வேறொரு வேலை உருவானது, அதுவே பின்னால் குழு முழுவதையும் காப்பாற்றியது. தூணில் விழும் தட்டல்களை நேரம், தூண் எண், விசை என்று ஒரு கோப்பில் பதிவு செய்யவும், அந்தக் கோப்பையே திரும்ப ஓட்டி உண்மையான தட்டல் போலக் கணினிக்கு ஊட்டவும் பைத்தான் நிரல்மொழியில் ஒரு கருவியை எழுதினார். தூண் ஒன்றுதான்; விடுதி அறைகள் மூன்று. அந்தக் கோப்பு இருந்ததால் தூண் இல்லாத அறையிலும் மற்றவர்கள் வேலை செய்ய முடிந்தது. பிழை வந்தால் அதே தட்டலை நூறு முறை திரும்ப வரவழைத்துப் பார்க்கவும் முடிந்தது.

தூண்கள் 48 என்பது எட்டாகக் குறைந்தது. வைஃபை பலகைகளுக்குப் பதில், சென்சார்களைப் படிக்கும் ஆர்டுயினோ மெகா என்ற பலகை ஒன்றே ஒன்று. அதற்கு 16 அனலாக் உள்ளீடுகள் உண்டு. ஓர் உள்ளீட்டைப் படிக்க ஏறத்தாழ விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். எட்டையும் ஒரு சுற்று படிக்க ஒரு மில்லிவிநாடிகூட ஆகாது. ஒவ்வொரு பீசோவுக்கும் குறுக்கே ஒரு மெகாஓம் மின்தடையும், பலமான தட்டில் எழும் மின்னழுத்தம் பலகையைச் சுட்டுவிடாதபடி ஒரு சீனர் டையோடும்.

எட்டுத் தூணுக்கு எந்த ஸ்வரங்கள்? 72 மேளத்தையும் தரும் திட்டத்தைக் கைவிட்டு மோகன ராகத்தைத் தேர்ந்தோம். ஒரு கட்டைச் சுருதியில் ச ரி க ப த ச ரி க. வாசிக்கத் தெரியாத நான்கு பிள்ளைகள் ஒரே சமயத்தில் நான்கு தூணைத் தட்டுவார்கள் என்பதுதான் காரணம். மோகனத்தில் அடுத்தடுத்த அரைச்சுர நெருக்கம் எங்கும் இல்லை. எந்த இரண்டு சேர்ந்து ஒலித்தாலும் காதைக் குத்தாது. சட்ஜத்திலிருந்து 9/8, 5/4, 3/2, 5/3 என்ற சுத்தமான விகிதங்களில் வைத்ததால் சேர்ந்தொலிப்பது இன்னும் இணக்கமாக இருந்தது. எந்தப் பிள்ளையும் “தப்பாகத் தட்டிவிட்டேன்” என்று கையை இழுத்துக்கொள்ளக் கூடாது என்பது குழுத்தலைவி வைத்த நிபந்தனை. அதை நான் முழுமனத்தோடு ஏற்றேன்.

## கல்லின் ஒலியைக் கணக்கில் செய்தது

கோயில் தூணைத் தட்டிப் பதிவு செய்து அந்த ஒலியைப் பயன்படுத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. தட்டாமல் காக்கத்தானே இதைச் செய்கிறோம்? மறுத்தோம். ஒலியைக் கணக்கிலிருந்தே உருவாக்குவது என்று முடிவானது.

ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து ஆய்வாளர்கள் ஆராய்ந்து, அந்த ஒலி தூண் குறுக்காக வளைந்து அதிர்வதால் எழுவது என்று காட்டியிருக்கிறார்கள். இரு முனையும் இறுகப் பிடிக்கப்பட்ட ஒரு தண்டு அப்படி அதிர்ந்தால், அடிப்படை அதிர்வெண்ணுக்கு மேல் எழும் கிளை ஒலிகள் 2.76 மடங்கிலும் 5.40 மடங்கிலும் இருக்கும். வீணைத் தந்தியில் இவை 2, 3 என்று முழு எண்ணாக வரும். முழு எண்ணாக வராததால்தான் கல்லின் ஒலியில் மணியின் சாயல். மிருதங்கத்தின் நடுவில் இருக்கும் கருஞ்சாந்து இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது: தோலின் ஒழுங்கற்ற கிளை ஒலிகளை முழு எண் மடங்குக்கு இழுத்து வருகிறது. ராமன் விளக்கியது அதைத்தான்.

ஆக, ஒரு ஸ்வரத்துக்கு மூன்று அலைகள், 1 : 2.76 : 5.40 விகிதத்தில். மேல் அலைகள் சீக்கிரம் அடங்க வேண்டும். கை எவ்வளவு பலமாகப் படுகிறதோ அவ்வளவுக்கு மேல் அலைகள் தூக்கலாக ஒலிக்க வேண்டும். பியூர் டேட்டாவில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிய வேலை. முதல் முறை அது ஒலித்தபோது நால்வரும் பேச்சை நிறுத்தினார்கள். மெல்லத் தட்டினால் மெல்லப் பேசியது, ஓங்கித் தட்டினால் கணீரென்றது. தாத்தாவுக்குத் தொலைபேசியில் கேட்க வைத்தார்கள். “இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது” என்றாராம்.

## பிள்ளைகளோடு ஒத்திகை

பிப்ரவரி நடுவில் மூன்று தூண்களை மட்டும் பள்ளிக்கு எடுத்துப் போனோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர். அரை மணி நேரம் நாங்கள் எதையும் விளக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தோம்.

உள்ளங்கையால் தட்டுவார்கள் என்று எண்ணியிருந்தோம். பேனாவால், அளவுகோலால், டிபன் டப்பாக் கரண்டியால் தட்டினார்கள். ஒரு பையன் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெற்றியால் மெல்ல முட்டினான். ஒரு சிறுமி தட்டிவிட்டு மரத்தில் காதை வைத்துக் கேட்டாள்; ஒலி அங்கே இல்லாததைக் கண்டு எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை எங்களைத் தொட்டது. மறுநாள் ஸ்பீக்கரைத் தூண்களின் அடிப்பலகைக்குள்ளேயே பொருத்தினோம். மரத்தில் காது வைத்தால் இப்போது ஒலி கேட்டது. ஆனால் அந்த அதிர்வையே பீசோ இன்னொரு தட்டலாக எடுத்துக்கொண்டது. ஒரு தட்டுக்கு ஒலி, ஒலிக்கு ஒலி என்று நிற்காமல் ஓடியது. ஸ்பீக்கரை அடிப்பலகையிலிருந்து பிரித்து, அதை ஒட்டியே இரண்டு செங்கல் மேல் வைத்ததோடு அந்த ஆசையை நிறுத்திக்கொண்டோம்.

இன்னொரு கோளாறு: நடுத்தூணைத் தட்டினால் பக்கத்துத் தூண்களும் ஒலித்தன. எல்லாம் ஒரே பலகையில் நின்றதால் அதிர்வு பரவியது. தூண்களின் அடியில் சைக்கிள் ட்யூபை வெட்டிப் போட்டோம். மென்பொருளில், முதல் அதிர்வு வந்ததும் 3 மில்லிவிநாடி பொறுத்து, எட்டிலும் பெரியதைத் தட்டலாக எடுத்து, அதில் பாதிக்கும் குறைவான அண்டை அதிர்வுகளை விட்டுவிடும்படி செய்தோம். 14 மில்லிவிநாடி 17 ஆனது. வரம்புக்குள் இருந்ததால் அதைக் கொடுத்து இதை வாங்கினோம். பக்கத்துப் பக்கத்துத் தூண்களை இரண்டு பிள்ளைகள் ஒரே கணத்தில், ஒருவர் ஓங்கியும் ஒருவர் மெல்லவும் தட்டினால் மெல்லிய தட்டு தொலைந்துபோகும். அந்தக் குறை கடைசிவரை இருந்தது.

## பிப்ரவரி 28

காலை ஏழரைக்கு எட்டுத் தூணையும் நிறுத்தி மின்சாரம் கொடுத்ததும், யாரும் தொடாமலே இரண்டு தூண்கள் ஒலித்தன. தாழ்வாரத்துச் சுவிட்சுப் பெட்டியில் எர்த் சரியாக இல்லை. குழல்விளக்குக்கு அடியில் ஓடிய சென்சார் கம்பிகளில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறியது. இரைச்சலைத் தடுக்கும் கவசக் கம்பி நான்கு தூணுக்குத்தான் வாங்கியிருந்தோம். மின்னணு மாணவர் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தார். இரைச்சல் அடங்கியது. அன்று முழுவதும் இரண்டு மடிக்கணினிகளை மாற்றி மாற்றி பேட்டரியிலேயே ஓட்டினோம். இடம் பார்க்கப் போன நாளில் தாழ்வாரத்தின் நீளத்தை அளந்தோம். சுவிட்சுப் பெட்டியைச் சோதிக்கவில்லை.

பத்து மணிக்கு வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் செய்த முதல் காரியம் ஒன்றே: இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாகத் தட்டிக்கொண்டே நடப்பது. திரும்பி வரும்போதுதான் வாசிக்கத் தொடங்கினார்கள். பள்ளியின் இசை ஆசிரியை ஒரு சிறு வரிசையைத் தட்டிக் காட்ட, ஏழாம் வகுப்பு மாணவிகள் இருவர் அதைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி கீழ் நான்கும் ஒருத்தி மேல் நான்கும் என்று பிரித்து வாசித்தார்கள். வரிசையில் நின்றவர்கள் கைத்தாளம் போட்டார்கள். யார் கையும் ஒலிக்காகக் காத்திருக்கவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பிற்பகலில் நாற்பது நிமிடம் மின்தடை. மடிக்கணினி ஓடியது, ஒலிபெருக்கி நின்றுவிட்டது. பிள்ளைகள் நிற்கவில்லை, மரத்தையே தட்டி, ஸ்வரத்தை வாயால் பாடிக்கொண்டார்கள்.

மாலையில் அந்த ஏழாம் வகுப்பு மாணவிகளில் ஒருத்தி என்னிடம் வந்தாள். “ஸார், எல்லாத் தூணும் ஒரே உயரம், ஒரே மரம். சத்தம் மட்டும் எப்படி வேறு வேறாக வருகிறது?” கணினி செய்கிறது என்றேன். தலையாட்டினாள். ஆனால் முகத்தில் இருந்த ஆர்வம் அந்தப் பதிலில் அணைந்ததை நான் பார்த்தேன்.

## மதிப்பாய்வு

ஏப்ரலில் நடந்த இறுதி மதிப்பாய்வில் எதிர்பார்த்த கேள்வி வந்தது: செயற்கை நுண்ணறிவு எங்கே, செயலி எங்கே? குழுத்தலைவி இரண்டு பதிவுகளை ஒலிக்க விட்டாள். ஒன்று பொங்கல் அன்று தாத்தா வாசித்தது, மற்றது மார்ச்சில் அவரே பள்ளித் தூணில் வாசித்தது. முதலாவது எட்டுத் தட்டில் நின்றது. இரண்டாவது, நேரம் கருதி மதிப்பாய்வுக் குழுவினரே நிறுத்தச் சொல்லும்வரை ஓடியது. புதுமைக்கான மதிப்பெண் குறைந்தது. சோதனைக்கும் ஆவணத்துக்கும் நிறையக் கிடைத்தது. மொத்தத்தில் நல்ல மதிப்பெண்தான். ஆனாலும் அம்சங்களின் எண்ணிக்கையைப் புதுமை என்று எண்ணும் மதிப்பீட்டு முறையை மாற்ற வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அந்த முறைதான் மாணவர்களை இருபத்திரண்டு பக்கம் எழுத வைக்கிறது.

## அடுத்த முறை

புதிய குழு ஜூலையில் இதை எடுத்துக்கொள்கிறது. முதல் வாரத்திலேயே ஒரு தூண் ஒலிக்க வேண்டும், எவ்வளவு மோசமாக ஒலித்தாலும் சரி. ஆவணத்தின் முதல் பக்கத்தில் தாமத வரம்பு இருக்க வேண்டும்; புதிதாக எதைச் சேர்த்தாலும் அன்று மாலையே அளந்து அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். பிள்ளைகளோடு ஒத்திகை மூன்றாம் வாரத்தில். இடம் பார்க்கப் போகும்போது கையில் டெஸ்டர் இருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கும் மின்தடை தாங்கும் யூபிஎஸ். கவசக் கம்பி எல்லாத் தூணுக்கும். அதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

மிகப் பெரிய மாற்றம் அந்த மாணவியின் கேள்வியிலிருந்து வருகிறது. குறுக்காக அதிரும் தண்டின் அதிர்வெண், நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். அதாவது அதிர்வெண் இரு மடங்காகும் மேல் சட்ஜத்துக்கு உயரம் பாதியாகாது, 0.707 மடங்காகும். தூண்களின் உயரமே ஸ்வரத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளை தட்டுவதற்கு முன் கண்ணால் ஊகிக்கவும், தட்டிச் சரிபார்க்கவும் வேண்டும். கணக்குப் போட்டு மரக்கடை ஆசாரியிடம் கொடுத்துவிட்டோம். எல்லாம் ஒரே பருமன், அளவு சென்டிமீட்டரில்: ச 120, ரி 113, க 107, ப 98, த 93, மேல் ச 85, ரி 80, க 76.

ஆசாரி தாளைப் பார்த்துவிட்டு, “படிக்கட்டு ஒரே சீராக இறங்கவில்லையே, ஸார். 107க்கு அடுத்து 98 என்று போட்டிருக்கிறீர்களே?” என்று கேட்டார். மோகனத்தில் அங்கே மத்தியமம் இல்லை என்றேன். பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, முதல் பனங்கையை எடுத்தார்.